சங்கிலி இல்லையே, அப்புறம் என்ன அடிமை?

சென்ற இதழில் மென்பொருள் துறை வாசகர் ஒருவர், "ராத்திரி 11 மணிக்கும் மேனேஜர் போன் போடுகிறார், நாங்கள் நவீன அடிமைகள்தானே?" என்று கேட்டிருந்தார். "இல்லை" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்தால்தான் நியாயம் என்று தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர்கள் பெயரையும் நானே விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

சோழிங்கநல்லூர் வாசகர்: ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே! சேரும்போதே 3 வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். நடுவில் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில். இதற்கு என்ன பெயர்?

சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பதற்கு அடாவடி என்று பெயர். பாண்டுக்கு ஒப்பந்தம் என்று பெயர். உங்களுடையதைப் போலவே 3 வருடம், 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரியிடம் எழுதி வாங்கியிருந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது செல்லும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. உங்களுக்குக் கசப்பாக இருக்கும், எனக்கும் முழுச் சம்மதம் இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பிலும் சரி, வேறு எந்தத் தீர்ப்பிலும் சரி, "போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்" என்று உங்களுக்கு உத்தரவு போட மாட்டார்கள். ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக ஒரு முதலாளியிடம் வேலை செய்ய வைக்கும் அதிகாரத்தை நம்முடைய சட்டம் கோர்ட்டுக்கே கொடுக்கவில்லை. நீங்கள் நாளைக் காலையில் ராஜினாமா கடிதத்தை அனுப்பிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். பின்னாலேயே பணம் கேட்டு நோட்டீஸ் வரும், ஆள் வராது. உங்கள் அம்மாவை அந்த அலுவலகத்தில் உட்கார வைத்து "பையன் வந்தால்தான் விடுவோம்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லுகிற இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் உங்களுக்கு "இல்லை" என்றேன். சர்டிபிகேட்டைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதைக் காட்டி உங்களைப் போகவிடாமல் தடுத்தால், விஷயம் அடிமைத்தனத்தின் எல்லைக் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

திருவள்ளூர் மாவட்ட வாசகர்: ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு கொத்தடிமை, கொத்தடிமை என்று எழுதிவிடுகிறீர்கள். நான் செங்கல் சூளை வைத்திருக்கிறேன். சீசனுக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு 60,000, 70,000 என்று அட்வான்ஸ் கொடுக்கிறேன், வட்டி ஒரு பைசா கிடையாது. குடிசை, கரண்ட் எல்லாம் என் செலவு. சங்கிலி போட்டா வைத்திருக்கிறேன்? அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகிறவனை நான் என்ன செய்ய வேண்டும்?

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். (ஏசி ரூம் இல்லை, ஃபேன்தான்.)

உங்களுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றம் ஆகாது. கரும்பு வெட்டு, தறி, போர்வெல் லாரி என்று எத்தனையோ தொழில்களில் அட்வான்ஸ் இல்லாமல் ஆளே வராது. வாங்குகிறவரும் சந்தோஷமாகத்தான் வாங்குகிறார், அந்த நேரத்தில் அவருக்கு வேறு யாரும் தர மாட்டார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து உங்கள் மாவட்டத்துச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நுவாகாய் என்ற புத்தரிசிப் பண்டிகையை ஒட்டித்தான் தரகர் அட்வான்ஸோடு வீட்டுக்கு வருவார். பண்டிகைச் செலவு, பழைய கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, தங்கை கல்யாணம் என்று கை மாறிப் பணம் போய்விடும். ரயில் ஏறும்போது அவர்களிடம் இருப்பது கடன் மட்டும்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை பிடிக்காதவன் பகலில் சொல்லிவிட்டுப் போவான். ஒரு குடும்பம் ஏன் நடு ராத்திரியில், சட்டி பானையைக்கூட எடுக்காமல், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறது? பகலில் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். போனால் பைக்கில் ஆள் வரும், பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடிப்பார்கள், ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போகும். இதெல்லாம் நடக்கிற இடத்தில் சங்கிலிக்கு என்ன வேலை? உங்கள் சூளையில் இது எதுவும் நடப்பதில்லை என்றால் கோபப்படாதீர்கள், நான் உங்களைச் சொல்லவில்லை.

1976-ஆம் வருடக் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஒரு முன்பணமோ, பரம்பரைக் கடனோ, சாதி வழக்கப்படி வந்த ஒரு கட்டாயமோ இருக்க வேண்டும். அதன் பேரில் அந்த ஆள் கூலியில்லாமலோ குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகவோ வேலை செய்கிறாரா, வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாதா, இஷ்டப்பட்ட இடத்துக்குப் போய்வர முடியாதா, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாதா என்று கேட்கிறது. இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலே போதும். கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கொடுத்தவர் தலையில்தான்.

இப்போது உங்கள் மேஸ்திரி வைத்திருக்கும் நோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பொதுவாக அதில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் இருக்கும், மேலே ஆண் பெயர் மட்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ரேட். மண் குழைப்பது அவர், கல் அறுப்பது மனைவி, காய்ந்த பச்சைக் கல்லைத் திருப்பி அடுக்குவது பத்து வயதுப் பையன் என்று மூன்று பேர் விடியற்காலை 3 மணிக்கு ஆரம்பித்து செய்த வேலை அந்த ஒரே பெயரின் கீழ் வருகிறது. ராத்திரி மழை பெய்து கல் கரைந்துவிட்டால் அது கணக்கில் ஏறாது, அதாவது மழையின் நஷ்டம் அறுத்தவருக்கு. வாராவாரம் அரிசி வாங்கச் செலவுக்காசு கொடுக்கப்படும், அதுவும் பற்றில் எழுதப்படும். ஆனி மாதம் கணக்குப் பார்க்கும்போது, எத்தனை கல், எவ்வளவு கழித்தது என்பதெல்லாம் மேஸ்திரிக்கு மட்டும் தெரியும். பாக்கி இருந்தால் அடுத்த சீசனுக்குப் போகும். நீங்கள் ஒரு பேப்பரை எடுத்து, அந்த மொத்தத் தொகையை மூன்று பேருக்கும் வேலை செய்த நாட்களுக்கும் வகுத்து, அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி வாங்கவில்லை என்கிறீர்கள். பல சூளைகளில் வட்டி கூலிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

ஓடிப்போனவரை என்ன செய்வது? கூலியை முழுசாக, ஆளுக்கு ஆள் தனியாக, வாராவாரம் கொடுத்து, அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் வைத்திருந்தீர்கள் என்றால், அவர் தர வேண்டியது சாதாரணக் கைமாற்று. மற்றக் கடனைப் போலக் கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம். அப்படி இல்லாமல் கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் அந்தக் கடன் சட்டத்தின் கண்ணில் செத்துப்போன கடன். அதை வசூலிப்பதே தனிக் குற்றம், 3 வருடம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும். அபராதம்? கொத்தடிமையாக வேலை வாங்கியதற்கு 2,000 ரூபாய் வரை. 1976-ல் போட்ட தொகை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம், எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மதுரைக் கல்லூரி மாணவி: உலக அளவில் இதற்கு வரையறை இருக்கிறதா சார்? உலகத்தில் 5 கோடி பேர் அடிமைகள் என்று படித்தேன். நம்பலாமா?

வரையறை ஒன்று இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. 1926-ல் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த அமைப்பு) ஏற்படுத்திய உடன்படிக்கை, ஒரு மனிதர் மேல் இன்னொருவர் சொத்துரிமை போன்ற அதிகாரத்தைச் செலுத்துகிற நிலையை அடிமைத்தனம் என்றது. 1930-ல் ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), தண்டனையைக் காட்டி மிரட்டி, ஆள் மனமுவந்து வராமல் வாங்குகிற வேலையெல்லாம் கட்டாய உழைப்பு என்றது. அப்புறம் 1956-ல் ஐ.நா. தரப்பில் கடன் பிணைப்பு, நிலத்தோடு ஆளையும் கட்டிப்போடும் பண்ணை முறை, பெண்ணை விற்பது போன்ற திருமணம், குழந்தைகளைச் சுரண்டலுக்கு ஒப்படைப்பது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். பரீட்சைக்கு எழுதுவதென்றால் இந்த மூன்று வருடங்கள் போதும்.

நீங்கள் படித்த எண் 2022-ல் ஐ.எல்.ஓ., வாக் ஃப்ரீ என்ற மனித உரிமை அமைப்பு, சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு மூன்றும் சேர்ந்து வெளியிட்டது. 2021-ல் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் 4.96 கோடி பேர் என்று மதிப்பிட்டார்கள். அதில் 2.76 கோடி கட்டாய உழைப்பு, 2.2 கோடி கட்டாயத் திருமணம். பல பேர் இந்த இரண்டாவது பகுதியைக் கவனிக்காமலேயே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். தலையை எண்ணி வந்த கணக்கு இல்லை, பல நாடுகளில் வீடு வீடாக நடத்திய ஆய்வுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. எனவே கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமாகப் பட்டது வேறு: கட்டாய உழைப்பில் 39 லட்சம் பேரிடம் வேலை வாங்குவது தனியார் இல்லை, அரசாங்கங்களே.

மௌரிடானியா என்ற ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிக் கண்டிப்பாகத் தேடிப் படியுங்கள். அங்கே அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1981-ல். அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 2007-ல். நடுவில் 26 வருடம்!

கோபிசெட்டிபாளையம் வாசகர்: கல்யாணம் ஆன ஆண்கள் எல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்? (சும்மா தமாஷுக்கு.)

மேலே 2.2 கோடி என்று ஒரு எண் எழுதியிருக்கிறேன். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்களும் சிறுமிகளும். தமாஷ் அடுத்த இதழில்.

நாமக்கல் வாசகர்: எல்லாரும் வயிற்றுக்காகத்தான் வேலை பார்க்கிறோம். யாருமே மனமுவந்து போவதில்லை. அப்படிப் பார்த்தால் சம்பளத்துக்குப் போகிற எல்லாருமே அடிமைதானே? இல்லை என்றால் யாருமே இல்லை.

இந்த வாதத்தை டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், தொழிற்சங்கக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் அடிமை என்று சொல்லிவிட்டால் சூளையில் மாட்டிக்கொண்டவர் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போய்விடுவார். அது முதலாளிக்குத்தான் வசதி.

ஆனால் பசியும் ஒரு கட்டாயம்தானா என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி, உச்ச நீதிமன்றமே அதில் இறங்கிப் பதில் சொல்லியிருக்கிறது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியம், மேம்பாலம் எல்லாம் அவசர அவசரமாகக் கட்டினார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. கான்ட்ராக்டர் அதைத் தொழிலாளி கையில் கொடுக்காமல், ஆள் பிடித்து வந்த ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். அந்த ஒரு ரூபாய்தான் வழக்கு. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது, ஆனால் இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லையே, மிரட்டவில்லையே என்றார்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, அடியும் சட்டமும் மட்டும் கட்டாயம் இல்லை, பசியாலும் வறுமையாலும் வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்கு ஒத்துக்கொண்டால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது.

அதாவது அந்த நீதிமன்றம் உங்கள் வாதத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டு, ஒரு இடத்தில் கோடு போட்டது. குறைந்தபட்சக் கூலி என்பது அந்தக் கோடு. அதற்கு மேலே சம்பளம் போதவில்லை என்றால் சங்கம் வைத்துக் கேட்க வேண்டிய விஷயம். கீழே என்றால் அடிப்படை உரிமை மீறல். அடுத்த வருடம் டிசம்பரில், ஹரியானாவின் பரிதாபாத் கல் குவாரிகளைப் பற்றி சுவாமி அக்னிவேஷின் அமைப்பு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்த வழக்கில் இன்னொரு படி மேலே போனார்கள். கட்டாயமாக வேலை வாங்கப்படுகிறார் என்று தெரிந்தால், முன்பணம் வாங்கியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று முதலாளி நிரூபிக்கட்டும் என்றார்கள். பத்திரம் எங்கே, சாட்சி எங்கே என்று கூலிக்காரரைக் கேட்கக் கூடாது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் சில அதிகாரிகள் முதல் கேள்வியாக "அட்வான்ஸ் வாங்கினதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டத் தாய் ஒருவர்: என் மகள் மில்லில் 3 வருடத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலிலேயே சாப்பாடு, தங்கல். 3 வருடம் முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவார்கள், கல்யாணத்துக்கு உதவும் என்று ஏஜென்ட் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேச விடுகிறார்கள். போன வாரம் பேசும்போது அழுதாள். பாதியில் கூட்டி வந்தால் பணம் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.

அம்மா, முதலில் ஒரு விஷயம். அந்த மொத்தப் பணம் மில் கொடுக்கிற சீதனம் இல்லை. உங்கள் மகளுக்கு மாதாமாதம் தர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவளுடைய காசையே அவளுக்குப் பரிசு மாதிரி கொடுப்பதுதான் பெரும்பாலும் இந்தத் திட்டங்கள். முன்பு சுமங்கலித் திட்டம் என்றார்கள். அந்தப் பெயர் கெட்டுப்போன பிறகு வேறு வேறு பெயர்கள் வந்தன. கோவை, ஈரோடு, திருப்பூர், உங்கள் மாவட்டம் எல்லா இடத்திலும் நூற்பாலைகள் இதில் பெண் பிள்ளைகளை எடுத்தன. 2 வருடம் 10 மாதத்தில் உடம்புக்கு முடியாமல் வெளியே வந்த பிள்ளை வெறும் கையோடு வீட்டுக்கு வந்த கதைகள் ஏராளம்.

பாதியில் வந்தாலும் வேலை செய்த நாளுக்கான கூலி அவளுடையது. பயிற்சி என்று பெயர் வைத்தாலும் தமிழ்நாட்டில் நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கென்று குறைந்தபட்சக் கூலி அரசு அறிவித்திருக்கிறது. அவளிடம் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வாரமே நேரில் போங்கள். தனியாகப் போகாதீர்கள், விவரம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "என் மகளை ஊருக்குக் கூட்டிப் போகிறேன்" என்று கேட்டில் சொல்லுங்கள். உடனே அனுப்பினார்கள் என்றால் இது கூலிப் பிரச்சினை, தொழிலாளர் துறையில் பேசித் தீர்க்கலாம். வார்டன் வரட்டும், மேனேஜர் வரட்டும், கணக்கு முடியட்டும், நாளைக்கு வா என்று இழுத்தால் அது வேறு பிரச்சினை, அங்கிருந்தே கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெண் தொழிலாளர்களுக்கான சங்கம் உங்கள் மாவட்டத்திலேயே பலமாக இருக்கிறது. ஒரு ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் உட்கார்ந்து பேசி 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவர்கள். கல்யாணப் பணத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கும்பகோணம் வாசகர்: 1843-லேயே வெள்ளைக்காரன் இந்தியாவில் அடிமை முறையை ஒழித்துவிட்டான் என்று பள்ளியில் படித்தேன். அப்புறம் எப்படி இதெல்லாம்?

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டார்கள். நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்ட் கொடுத்தார்கள், அடிமைகளுக்கு இல்லை, வைத்திருந்தவர்களுக்கு. 1843 சட்டம் இங்கே செய்தது என்னவென்றால், அடிமையின் மேல் எனக்கு உரிமை இருக்கிறது என்று யாராவது வந்தால் கோர்ட் அதைக் கண்டுகொள்ளாது என்பதுதான். அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில். கோர்ட் கண்டுகொள்ளாவிட்டால் மிராசுதாருக்கு என்ன நஷ்டம்? அவர் எந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போய் ஆளைப் பிடித்தார்?

உங்கள் ஊர்ப்பக்கம்தான், பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சை டெல்டாவில் பண்ணையாளுக்கு அந்தப் பண்ணையை விட்டால் குடியிருக்க மனை கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மகன் தலையில் இறங்கும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும். 1843-க்கு அப்புறம் நூறு வருடம் இதுதான் நடந்தது. 1940-களில் சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயச் சங்கம் கட்டிய பிறகுதான் சவுக்கு கீழே இறங்கியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கடல் தாண்டிப் போனவர்களும் தப்பவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" முறை என்று ஒன்று இருந்தது. கங்காணிக்குத் தொழிலாளி எவ்வளவு கடன் என்று எழுதி, அதைக் கட்டினால் ஆளை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். தொழிலாளி தோட்டம் மாறினார், கடன் கூடவே போனது. அதை 1921-ல் ஒழித்தார்கள். இன்றைக்கும் நம் ஊரில் ஒரு அரிசி ஆலைக்காரர் இன்னொருவரிடம், "என் பாக்கியைக் கட்டிட்டு அந்தக் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போங்க" என்கிறாரே, அது என்ன புதுசா?

ராமநாதபுரம் வாசகர்: வளைகுடாவில் டிரைவராக இருக்கிறேன். சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே எல்லாரும் இப்படித்தான் என்கிறார்கள்.

எல்லாரும் செய்வதால் சரியாகிவிடாது. இந்தியப் பாஸ்போர்ட் உங்களுடையதுகூட இல்லை, சட்டப்படி மத்திய அரசின் சொத்து. அதை வேறொருவர் பீரோவில் பூட்டி வைக்க உரிமை இல்லை. கஃபாலா முறையில் உங்கள் விசா ஸ்பான்சரோடு கட்டப்பட்டிருக்கும், அதனால்தான் இந்தத் தைரியம். கத்தார் 2020-ல், வேலை மாற முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் நிலைமை வேறு, எனவே தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் பாஸ்போர்ட்டைத் தருகிறாரா என்பதை அவசரம் வருவதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பார்த்து வைப்பது நல்லது. ஊரில் தம்பிகள் யாராவது கிளம்பினால், பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று சொல்லுங்கள். அதற்கு மேலே வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அங்கே போய் வாயை மூடிக்கொண்டிருக்க வைக்கும்.

இதில் ஒரு புது வகையும் சேர்ந்திருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் துப்பாக்கிக் காவலுக்குள் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். டார்கெட் முடிக்காவிட்டால் அடி, கரண்ட் ஷாக். வெளியே போக வேண்டுமென்றால் உன்னை வாங்கிய விலையைக் கட்டு என்பார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் மாட்டி மீண்டு வந்திருக்கிறார்கள், இன்ஜினீயரிங் படித்தவர்கள். படிப்பறிவில்லாதவர்தான் கொத்தடிமை ஆவார் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வேலூர் வாசகர்: ஜெயிலில் கைதிகளை வேலை வாங்குகிறார்களே, அது?

நான் மேலே சொன்ன 1930 உடன்படிக்கை, கோர்ட் தண்டித்த கைதியின் வேலையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது, ஆனால் தனியார் கம்பெனிக்கு வாடகைக்கு விடக் கூடாது என்றது. அமெரிக்காவில் 1865-ல் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்திலேயே "குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல்" என்று ஒரு ஓட்டை இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அங்கே நடந்தது தனிப் புத்தகத்துக்கான சமாச்சாரம். நம் ஊரில் கைதிக்கும் நியாயமான கூலி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில், சிறைக்குள் சாதி பார்த்துக் கக்கூஸ் கழுவ ஒருவரையும் சமைக்க ஒருவரையும் பிரித்து விடுகிற விதிகளை ரத்து செய்தது. 2024 வரை அந்த விதி புத்தகத்தில் இருந்திருக்கிறது!

செய்யாறு வாசகர்: எங்கள் ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் மூன்று இருளர் குடும்பங்கள் மரம் வெட்டுகின்றன. குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. சந்தைக்குக்கூட ஒருவர் மட்டும்தான் வருகிறார், மற்றவர்களை விடுவதில்லை. யாரிடம் சொல்வது? அதோடு, மீட்டாலும் திரும்ப அதே முதலாளியிடம் போய்விடுகிறார்கள் என்கிறார்களே, சொல்லிப் பயன் உண்டா?

சந்தைக்கு ஒருவரை மட்டும் விடுவதைக் கவனித்தீர்களே, அதுதான் முக்கியமான விஷயம். மற்றவர்கள் அங்கே இருப்பதால்தான் அவர் திரும்பி வருவார் என்று முதலாளிக்குத் தெரியும்.

சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆர்.டி.ஓ. இல்லை) எழுத்தில் கொடுங்கள், நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். இந்தச் சட்டப்படி நேரில் போய் விசாரித்து விடுவிக்க வேண்டியது வருவாய்த் துறையின் வேலை. குழந்தைகள் இருப்பதால் 1098-க்கும் சொல்லுங்கள். தயவுசெய்து முதலாளியிடம் போய் நியாயம் பேசிப் பார்க்காதீர்கள். நீங்கள் வீடு திரும்புவதற்குள் மூன்று குடும்பமும் டெம்போவில் ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். அதிகாரி விசாரிக்கும்போது முதலாளியோ அவருடைய ஆளோ பக்கத்தில் நின்றால், எல்லாரும் "நல்லாத்தான் வெச்சிருக்காரு சாமி" என்றுதான் சொல்வார்கள். குடும்பத்தை வேறு இடத்துக்குக் கூட்டிப் போய், உட்கார வைத்து, சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

திரும்பப் போவது உண்மை. ஒரு கேஸ் கட்டோடு ஊருக்கு அனுப்பி வைத்தால் வேறு என்ன செய்வார்கள்? குடிசை முதலாளியின் இடத்தில் இருந்தது. ரேஷன் கார்டு இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, பலருக்கு ஆதார்கூட இல்லை. அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் 5,000 ரூபாய் தருவதற்கு அந்தப் பழைய முதலாளியைத் தவிர ஒரு ஆள் இல்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் என்று இருக்கிறது. ஆனால் உடனே கைக்கு வருவது 30,000 வரைதான், மீதி வழக்கின் போக்கைப் பொறுத்து வரும். வழக்கோ வருடக்கணக்கில் போகும். அதனால்தான் விடுவித்த அன்றே இடம், பட்டா, கார்டு, ஊரக வேலைத் திட்ட அட்டை எல்லாவற்றுக்கும் மனுக் கொடுத்துவிட வேண்டும் என்கிறேன். இதற்கு உங்களைப் போல உள்ளூரில் ஒருவர் அலைந்தால்தான் நடக்கும்.

இன்னொன்று. கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் இதில் எதுவும் நகராது, அதைக் கையில் வாங்காமல் அவர்களை அங்கிருந்து கிளம்ப விடாதீர்கள். மனைவி, வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று ஆண் பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அப்படி வாங்கி வந்துவிட்டால் மற்றவர்கள் அங்கே வேலையே செய்யவில்லை என்றாகிவிடும்.